ஈரச் சுண்ணாம்பு

ஓசூரில் அப்போது ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு குடித்தனங்கள். நடுவில் ஒரு மண்சுவர். பக்கத்துக் குடித்தனக்காரி மாட்டுப் பண்ணையில் சாணம் அள்ளுகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். தமிழ் பேசுவாள், ஆனால் தாய்மொழி கன்னடம். வீட்டுக்காரன் திடீரென்று வாடகையை இரட்டிப்பாக்கினான். தராவிட்டால் மாசக் கடைசியில் காலி பண்ணு என்றான். நான் பள்ளிக்கூட வாத்தியார், படித்தவன். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். அவள் மறுத்தாள்.

நியாய வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னது நான்தான். அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. வேலையை விட்டு நாலு நாள் தாலுகா ஆபீசுக்கு நடந்து அவளே மனுக் கொடுத்தாள். சட்டம் போட்டவன் எவனும் அந்த நாலு நாள் கூலியை யோசிக்கவில்லை. இன்று நினைத்தாலும் எரிகிறது.

அதிகாரி பார்வையிட வரும் நாள் காலையில் வீட்டுக்காரன் ஆள் விட்டு அவள் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்தான். வீடு பளிச்சென்று இருந்தால் கேட்ட வாடகை நியாயமாகிவிடுமாம்.

"அவனுங்களை உள்ள விடாதம்மா" என்று கத்தினேன்.

"சும்மா இருங்க வாத்தியாரே. நாலு வருசமா கேட்டு இன்னிக்குத்தான் அடிக்கறான்" என்றவள், ஆட்களிடம் திரும்பி, "அந்த மூலைக்கு இன்னொரு பூச்சு போடுங்கண்ணா, எங்காசா போவுது" என்றாள்.

அதிகாரி வந்தார். "அரமன மாதிரி வெச்சிருக்கேன் சார்" என்றான் வீட்டுக்காரன்.

அவள் பாயைச் சுவரோரம் விரித்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க ஐயா. அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காருங்க."

"ஐயோ, சாயாதீங்க சார்!" என்று வீட்டுக்காரன் அலறினான்.

அதிகாரி அவனைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை வெளுத்திருந்தது. பிறகு தலையைத் தூக்கினார். ஓட்டுச் சந்துகளில் வானம் தெரிந்தது.

அந்தப் பாயிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். தமிழில் வாசித்து, அவளுக்காகக் கன்னடத்திலும் சொன்னார். அப்படி ஒரு அரசாங்க ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வாசலுக்கு வந்து, "உங்க மனுவையும் இங்கயே வாங்கிக்கட்டுமா?" என்றார். உதவி என்றால் இப்படித்தான் வாசலுக்கு வர வேண்டும். வெட்கத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

இருவருக்கும் பழைய வாடகையே என்று உத்தரவானது. அவளை யாராலும் கிளப்ப முடியவில்லை. என் பக்கத்துச் சுவருக்கு மட்டும் கடைசிவரை சுண்ணாம்பு இல்லை. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு ஏது?