எங்கள் வீட்டு மாடியில் மட்டும் நெட்

தாராவியில் வளர்ந்த பிள்ளைக்கு எது நின்றாலும் பெரிதாகத் தோன்றாது. தண்ணீர் நின்றால் டிரம்மில் இருக்கும். கரண்ட் நின்றால் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ரயில் நின்றால் பெரியவர்களுக்கு அன்றைக்கு லீவு, நமக்குக் கொண்டாட்டம். அதனால் நான் நான்காம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறையில் ஒரு காலை திடீரென்று நெட் நின்றபோது, பெரியவர்கள் எல்லாரும் பேயறைந்தது போல் சந்தில் வந்து நின்றதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நெட் என்பது கார்ட்டூன் பார்ப்பதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

என் கார்ட்டூனும் நின்றுதான் போயிருந்தது. பூனை ஒரு மதிலைப் பாதி தாண்டிய இடத்தில் அந்தரத்தில் தொங்கியது. அதன் வயிற்றின் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. அவள் வேலைக்குப் போகும் பையன்களுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து வந்தாள். இன்றைக்கு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் காலையில் வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவளும் குத்துமதிப்பாக வடித்துக் கொட்டிவிட்டாள். அப்புறம் அந்தச் சாம்பாரை நாங்கள் எத்தனை வேளை சாப்பிட்டோம் என்பதை நினைத்தால் இப்போதும் நாக்கு சுருங்குகிறது.

அப்பாவின் கதை இன்னும் மோசம். அவர் வாடகைக் கார் ஓட்டினார். ஆப்பில் சவாரி வரும், ஆப்பே வழியும் சொல்லும். பிறந்ததிலிருந்து பம்பாய்தான், எனக்குத் தெரியாத ரோடா என்று மார்தட்டுகிறவர். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் கூவி ஒருவரை ஏற்றிக்கொண்டு முலுண்டுக்குப் புறப்பட்டிருக்கிறார். வலப்பக்கம் திரும்பச் சொல்ல ஒரு குரல் இல்லாததால் கை ஸ்டியரிங்கில் தடுமாறியதாம். கடைசியில் ஏறிய ஆளே வழி சொல்லிக்கொண்டு வந்தாராம். மதியம் வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்தவர், யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய் என்ன செய்ய என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

காரணத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் சாக்கடை தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது என்றார் ஒருவர். கடலுக்கடியில் போகிற பெரிய கேபிளை ஏதோ மீன் கடித்துவிட்டது என்றார் இன்னொருவர். பிள்ளைகள் நாங்கள் மீனைத்தான் நம்பினோம். செம்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அப்பா சாதாரணக் கால் போட்டுக் கேட்டார். அந்தக் கால் மட்டும் வேலை செய்தது. அங்கேயும் அதே கதைதான். மாட்டுங்காவரை நடந்து போய்ப் பார்த்தவர்களும் வெறும் கையோடு திரும்பினார்கள். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் ஆண்கள் தகரக் கூரைகளில் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினார்கள். உயரத்தில் கொஞ்சம் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

இதில் உண்மையாகவே உயிர் போய்க்கொண்டிருந்தது ஒரே ஒருவருக்குத்தான். பக்கத்துக் கதவு, பாய் வீட்டுப் பெரியம்மா. காயல்பட்டினத்துப் பக்கம். அவளுடைய ஒரே மகன் குவைத்தில் ஏதோ கம்பெனியில் இருந்தான். நெட் போவதற்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். குடல்வால் உள்ளே வெடித்துவிட்டதாம், ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்களாம், வெளியே வந்ததும் பேசுகிறேன் உம்மா என்று குரலும் அனுப்பியிருந்தான். அதோடு எல்லாம் நின்றது. வெளிநாட்டுக்குச் சாதாரணக் கால் போட்டால், இந்த வசதி உங்கள் எண்ணுக்கு இல்லை என்று ஒரு பெண் இந்தியில் மரியாதையாகச் சொன்னாள். பெரியம்மா அந்தப் பெண்ணிடமே கெஞ்சிப் பார்த்தாள். மகனின் குரலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளை செத்துவிட்டானா பிழைத்துவிட்டானா என்பது தெரியாமல் ஒரு தாய் இந்தக் காலத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்று சந்தில் யாருமே நினைத்ததில்லை. அவளைப் பார்க்க முடியாமல் அம்மா வேறு வழியாகச் சுற்றித் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு வெளிநாட்டுச் சங்கதி இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. மேலறை அத்தைக்கு. அங்கே மெஷின் போட்டு மணிபர்சுக்கு ஜிப் வைத்துத் தைப்பாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே மாமா மஸ்கட் போய்விட்டார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அத்தை முகம் கழுவி, பொட்டு வைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மாமாவோடு வீடியோ காலில் பேசுவாள். அந்த நேரத்தில் யாரும் மேலே போகக் கூடாது. குழாயடியில் பெண்கள் அவளைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அதே குழாயடியில், புருஷன் விட்டுப்போன இன்னொரு பெண்ணை வாழாவெட்டி என்பார்கள். அந்தப் பெண் தண்ணீர் பிடித்துவிட்டு நகரும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். அத்தை இரண்டையும் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்பாள்.

ஆண்கள் கூரை ஏறிய அன்று சாயங்காலம் எல்லாரும் வெளியே இருந்தார்கள். நான் என் ஸ்கிப்பிங் கயிற்றை எடுக்க உள்ளே வந்தேன். அது மேலறையில் கிடந்தது. ஏணியில் பாதி ஏறித் தலையை மட்டும் நீட்டினால், அத்தை எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்திருந்தாள். போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தாள். திரை என் பக்கம் இல்லை, அதன் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. ஜன்னல் தகரம் மாற்றியாயிற்று, இந்த மழைக்கு ஒழுகாது என்று சொன்னாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் வந்ததோ, வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஊரெல்லாம் கூரை ஏறித் தேடுகிற நெட் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது! கயிற்றையும் மறந்து ஏணியிலிருந்து குதித்தேன். சந்துக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"எங்க அத்தை போன்ல நெட் இருக்கு. மாமாகூட பேசிட்டு இருக்காங்க."

கூரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பொய் சொல்லாதே என்று அதட்டினார். நான் சாமி சத்தியமாகக் கண்ணால் பார்த்தேன் என்றேன். மேலறை உயரமாயிற்றே, இருந்தாலும் இருக்கும் என்றார் ஒருவர். அவ்வளவுதான், எங்கள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பெரியம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். கால் வலிக்காரி, எங்கள் ஏணியில் அதுவரை ஏறியதே இல்லை. முனகிக்கொண்டே கம்பியைப் பிடித்து ஏறினாள். கண்டுபிடித்தவள் என்கிற உரிமையில் நானும் பின்னாலேயே ஏறினேன்.

அத்தை சத்தம் கேட்டு எழுந்து நின்றிருந்தாள். போனை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இயர்போன் ஒரு காதில் மட்டும் தொங்கியது.

"ஏம்மா, ஒரு நிமிசம் தா. எம் மவன் கண்ண முழிச்சிட்டானான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்," என்றாள் பெரியம்மா.

பெரியம்மா அவள் காலைப் பிடிக்கக் குனிந்துவிட்டாள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏணி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். அண்ணன், மதினி, அவர்களுக்குப் பின்னால் பாதிச் சந்து, எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். இல்லையென்று சொன்னால் மகனைப் பறிகொடுக்கப் போகிறவளுக்கு ஒரு நிமிடம் தராத பாவி. தந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காதில் தொங்கியதைக் கழற்றினாள். போனைப் பெரியம்மா கையில் கொடுத்தாள்.

பெரியம்மா அதை முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எக்கிப் பார்த்தேன். திரை முழுக்கப் பெரியம்மாவின் முகம்தான் இருந்தது. அழுது வீங்கிய கண், தலையில் போட்ட முக்காடு, அதற்குப் பின்னால் என் நெற்றியும் ஒரு கண்ணும். வீடியோ காலில் நம் முகம் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதில் மூலையில் யாரும் இல்லை. எங்குமே யாரும் இல்லை. செல்ஃபி எடுக்கிற கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, அத்தை தன் முகத்தோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரியம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். கீழேயிருந்து, கிடைச்சுதா, கிடைச்சுதா என்று குரல்கள் வந்தன. பெரியம்மா திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையைத் தூக்கவில்லை. மெஷின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. மற்றக் கையில் போனை உயர்த்திப் பிடித்து, கீழே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினாள்.

"நல்லா இருக்கியளா மாப்பிள? நான் பக்கத்து வீட்டு மாமி பேசுதேன். எங்க பிள்ள ஒங்களையே நெனச்சிட்டு இருக்கா. சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க. பெத்தவள மாதிரி கேக்கேன், வந்துருங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பிறகு ஏணிப் பக்கம் குனிந்து, கட்டாகிவிட்டது, இனிமேல் கிடைக்காது, எல்லாரும் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மகனைப் பிடிக்க முடியவில்லை என்று அழுகிறாள், பாவம் என்று கீழே பேசிக்கொண்டே கலைந்தார்கள். அது பொய்யுமில்லை. அந்த அழுகையில் எவ்வளவு மகனுக்கு, எவ்வளவு என் அத்தைக்கு என்று அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அவள் மகன் பிழைத்துக்கொண்டான். நெட் திரும்பியதும் சந்தில் முதலில் கேட்டது அவன் குரல்தான். மாமாவின் கதை எனக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின. நம்பரை மாற்றிவிட்டு, அங்கேயே வேறு ஒரு குடும்பத்தோடு இருந்திருக்கிறார். வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கத்தான் அத்தை அப்படிப் பேசினாள் என்று அம்மா சொன்னாள். நானும் கொஞ்ச காலம் அதை நம்பினேன். பிறகு ஒரு நாள் சட்டென்று உறைத்தது. அன்றைக்கு ஊரிலேயே நெட் இல்லை. மாமா ஏன் கூப்பிடவில்லை என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். நடிக்கத் தேவையே இல்லாத நாள் அது. அன்றைக்கும் அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசியிருக்கிறாள்.

ஆனால் அன்று மாடியில் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்பலேருந்து என்று மெதுவாகக் கேட்டாள். தீபாவளிக்கு முன்னால இருந்து என்றாள் அத்தை. எனக்குக் கோபம் வந்தது. தீபாவளியிலிருந்து வீட்டில் இப்படி ஒரு விளையாட்டு நடக்கிறது, பாய் வீட்டுப் பெரியம்மாவைக்கூடச் சேர்த்துக்கொண்டார்கள், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய குறையும் இருந்தது. அத்தையாகப் பேச அத்தை இருந்தாள், பெரியம்மாவாகப் பேசப் பெரியம்மா இருந்தாள். மாமாவாகப் பேச ஆளில்லை. நான் போனை வாங்கி, அத்தையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு விரலை உதட்டுக்கு மேலே மீசையாக வைத்துக்கொண்டேன். தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு சொன்னேன்.

"நல்லா இருக்கியா பிள்ள? அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கீழே கேட்டுவிடக் கூடாதென்று என் சட்டையில் வாயை அழுத்திக்கொண்டு அழுதாள். அவள் உடம்பு முழுவதும் குலுங்கியது. மாமாவின் குரல் எனக்கு அவ்வளவு கச்சிதமாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, இன்னொரு தடவை சொல்லட்டுமா அத்தை என்று கேட்டேன்.