என் முகத்துக்குக் கை தூக்கிய காணிக்காரர்கள்

என் முகத்தைப் பற்றி நடந்த கூட்டத்தில் எனக்கு வாக்கு இருக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனில் குடியேறி வயல் செய்துகொண்டிருந்தோம். நெற்றியிலிருந்து கழுத்துவரை எனக்குப் பரு. சும்மா பருவல்ல, சீழ் வடிந்து, காலையில் தலையணை உறையோடு ஒட்டிக்கொள்ளும் பரு. மஞ்சள், சந்தனம், வேப்பிலை என்று அரைத்து அரைத்து அம்மி தேய்ந்ததுதான் மிச்சம். இதற்கிடையில் பரந்தனில் ஒரு பெண்ணுக்கு என் சாதகம் பொருந்திவிட்டது. அவளை பஸ் தரிப்பிடத்தில் ஒருமுறை கண்டிருந்தேன். கண்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அவள் வீட்டார் ஆனி மாதம் மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தார்கள். இந்த முகத்தைக் கண்டால் படலையிலேயே திரும்பிவிடுவார்கள் என்று பயந்து, சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் ஒரு போத்தல் மஞ்சள் குளிசை எழுதித் தந்தார்.

"இதைப் போட்டால் பரு வத்தலாம், வத்தாமலும் விடலாம். ஒரு மாசமாவது செல்லும். வயிறு குழம்பும். பாலோட போட்டால் மருந்து ஏறாது. வெயிலுக்குள்ள நிண்டால் முகம் வெந்துபோம். யோசிச்சுச் செய்யும்."

பாலும் வெயிலும் இல்லாத கமக்காரனை அவர் எங்கே கண்டாரோ தெரியாது.

இதை அப்படியே வீட்டில் சொன்னதுதான் நான் விட்ட பிழை. பெரிய விஷயம் எதையும் முடிவு செய்ய என்னைப் பெற்ற ஐயாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். விதைப்புக்கு முன்னர் காணிக்காரர் எல்லாரும் கூடி, குளத்துத் துரிசைத் திறந்து வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று கை தூக்கி முடிவெடுப்பார்கள் அல்லவா, அதுதான். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கதிரைகள் போட்டார். பக்கத்துக் காணிக்காரர் வந்தார். கலியாணம் பேசிய மாமா வந்தார். யாழ்ப்பாணத்துச் சீதனக் காணி அம்மாவின் பெயரில் இருந்தபடியால் அம்மாவுக்கும் வாக்குக் கிடைத்தது. போத்தல் நடுவில் ஒரு முக்காலியில் இருந்தது.

"பால் குடியாமல் பிள்ளை தேறுமே?" என்றா அம்மா.

"எனக்கும் உங்களுக்கும் ஒரே வாய்க்கால்," என்றார் பக்கத்துக் காணிக்காரர். "இவன் நிழலுக்குள்ள குந்தினால் வரம்பு ஆர் கட்டுறது?"

மாமாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை பாக்க வாறவை வரம்பையே பாக்கப் போகினம்? முகத்தையெல்லோ பாப்பினம்!"

நானும் கையைத் தூக்கினேன். ஐயா என்னைப் பார்த்தார்.

"உன்ர பேரில காணி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப கையை இறக்கு."

மூன்றுக்கு ஒன்று. போத்தலைக் கோடைச் சிறுபோக அறுவடை முடிந்த பிறகு திறப்பதென்று தீர்மானமாயிற்று. ஐயா அதைக் காணிப் பெர்மிட்டோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அறுவடைக்கு முன்னரே பெண் வீட்டார் வந்துவிடுவார்கள் என்பது மாமாவைத் தவிர ஒருவருக்கும் பொருட்டாகப் படவில்லை.

அலுமாரிப் பூட்டின் திறப்பை ஐயா ஒளிக்கும் இடம் எனக்குத் தெரியும். அடுத்த விடியலிலிருந்து தினமும் ஒரு குளிசை திருடினேன். வாயில் போடும் நேரம் பார்த்து அம்மா பால் செம்போடு வந்து நிற்பா. குளிசையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பாலோடு விழுங்கிவிட்டு, பிடிபடாமலிருக்க நாள் முழுக்க வயலில் நின்றேன். டொக்டர் சொன்ன நன்மையைப் பால் கொண்டுபோயிற்று. தீமையில் ஒன்றும் குறையவில்லை. மூன்றாம் வாரம் என் முகம் சுட்ட கத்தரிக்காய்போல் வெந்து வீங்கிவிட்டது. எது பரு, எது முகம் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த முகத்தோடுதான் பெண் வீட்டார் முன் இருந்தேன். பெண்ணின் தகப்பன் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"பொடியன் வெயிலுக்கு ஒளிக்கிறவனில்லை," என்றார். "எங்கட பிள்ளைக்கு இப்பிடி ஒரு உழைப்பாளிதான் வேணும்."

"நிழல் எண்டால் என்னெண்டு தெரியாதவன்," என்றார் ஐயா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அதற்குள் வெந்த தோல் உரிந்து, பழைய பருக்கள் ஒன்றும் குறையாமல் வெளியே வந்திருந்தன. ஒரு வாரம் கழித்து, கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்கட முகத்தைப் பற்றி உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே?"

"கையை இறக்கச் சொல்லிப்போட்டினம்."

அவளுடைய சிரிப்பு நின்றது.

"என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை நாள் என் ஒரு வாக்குக்காகப் பொருமிக்கொண்டிருந்தவன், பரந்தனிலும் ஒரு முற்றத்தில் கதிரைகள் போட்டிருப்பார்கள் என்று நினைத்தே பார்க்கவில்லை.

"இப்ப நான் கேக்கிறன்," என்றேன். "இந்த முகம் உமக்குச் சம்மதமோ?"

அவள் எழுந்து கிட்ட வந்தாள். என் முகத்தைப் பரு பருவாகப் பார்த்தாள். அவசரப்படவேயில்லை. பிறகு, சாம்பல் படிந்த வலது கையை மெல்லத் தூக்கினாள்.