முருகேசன் அழித்த வீடியோவும் நான் ரூட் செய்த போனும்

போன் ரிப்பேர் தொழிலில் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே நான் சொல்லித் தொலைத்தேன். ஆபீஸ் வேலை போனபிறகு சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் நூர்தீன் பாய் கடையில் சேர்ந்தவள் நான். ஸ்கிரீன் மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன். மற்றதெல்லாம் பிடோக் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. பழைய போனை ரூட் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து வியர்த்துப் போனவர்கள் உங்களில் இருந்தால், வாங்க, நாமெல்லாம் ஒரே ஜாதி.

பூ படங்கள்

ஞாயிறு மத்தியானம் முருகேசன் வந்தார். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற வேலை. அவர் கூட்டாளி ஐயப்பன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் ஏறியது அவர் தப்பு என்கிறது கம்பெனி. மாட்டுவதற்கு மேலே கயிறே கட்டவில்லை என்பது அன்று காலை முருகேசன் விளையாட்டாக எடுத்த வீடியோவில் இருந்தது. சூப்பர்வைசர் முறைத்ததும் பயத்தில் அதை அழித்துவிட்டார். புதன்கிழமை விசாரணை.

அழித்த வீடியோ உடனே போய்விடாது. அதன்மேல் வேறு ஏதாவது பதிகிற வரை உள்ளேயே கிடக்கும். துருவி எடுக்க ரூட் வேண்டும். அதாவது, போன் கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருக்கிற அறைக்கும் சாவி வாங்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது, எடுத்துடலாம்" என்றேன். பிறகுதான் கேட்டேன், அழித்து எத்தனை நாள் என்று. ஒன்பது நாளாம். திறந்து பார்த்தால் மூன்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ரோஜாவும் தாமரையுமாகக் காலை வணக்கங்கள் தானாகவே இறங்கி மெமரியை ரொப்பிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் இதைப் பார்க்கவே இல்லையா என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் எதையும் எடுக்கலக்கா. பூ படமெல்லாம் அதுவா வந்து விழுது."

ஒயர்

போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை என்கிறது. போனை அடையாளம் காட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்தேன், ஏற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்தேன், போட்டேன். இரண்டு மணி நேரம். உங்களுக்கும் நடந்திருக்கும், அந்த நேரத்தில் யாராவது "ஆச்சா?" என்று கேட்டால் கொலைவெறி வரும். பாய் வந்து என் கையிலிருந்த ஒயரை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல கரண்டு மட்டும்தாம்மா போகும். நீ என்ன மாத்தினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது லா."

வால்யூம் பட்டன்

திங்கட்கிழமை, வேறு ஒயரை மாட்டி, டிராயரில் கிடந்த யாருக்கும் வேண்டாத ஒரு போனில் முதலில் பழகிப் பார்த்தேன். பூட்டைத் திறந்தேன், ரூட் ஆயிற்று, அட்டகாசம். அதே தெம்போடு முருகேசன் போனை எடுத்தேன். சம்மதமென்றால் வால்யூம் பட்டனை மேலே அழுத்து என்று திரையில் வந்தது. விரலை வைத்துவிட்டேன். அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பாய், கொஞ்சம் நிறுத்து என்றார். அந்த வரிக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது: பூட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் அழிந்துவிடும். ஒரு மனுஷனின் இடுப்புக்கான ஒரே சாட்சி அந்த விரலுக்கு அடியில் இருந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த டிராயர் போன்ல அழியறதுக்கு என்ன இருந்துச்சு? எழுதியிருக்கறத மொதல்ல படி செல்வி."

முதுகு மூடி

பூட்டைத் தொடாமலே உள்ளே போக இந்தப் போனுக்கு இன்னொரு வழி இருந்தது. மாடலுக்கு ஏற்ற ஃபைலைத் தேடி ஏற்ற வேண்டும். முதுகு மூடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரை நாலு தடவை சரிபார்த்து, செவ்வாய்க்கிழமை காலை ஏற்றினேன். பாதியில் சிவப்பு எழுத்தில் தோல்வி. அதற்குப் பிறகு போன் திறக்கவே இல்லை. லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ. அந்த நேரம் பார்த்து முருகேசன் வேலை இடத்திலிருந்து யார் போனிலோ கூப்பிட்டார். ஓடிக்கிட்டிருக்கு என்று பொய் சொன்னேன். வேறென்ன சொல்வது?

"ஐயப்பன் சம்சாரம் ஊர்லேர்ந்து ரூம்காரன் போன்ல கூப்பிட்டுச்சு. கிடைச்சிடும்னு சொல்லிட்டேன்க்கா, சரிதானே?"

பதினோரு நொடி

ஃபைல் ஏற்றுகிற திரையின் மூலையில் போன் தன் மாடல் நம்பரைத் தானே காட்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூடியில் இருந்த நம்பருக்கும் இதற்கும் கடைசி எழுத்து வேறு. தொழிலாளர் விடுதியில் இவர்கள் உடைந்த மூடிக்கு இன்னொருவர் போனின் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொள்வார்கள், பொருந்தினால் போதும். நான் இத்தனை நேரம் வேறு யாருடைய போனின் ஜாதகத்தையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரியான ஃபைலைப் போட்டதும் ஏறியது. ரூட் ஆயிற்று. துருவுகிற வேலை நாலு மணி நேரம் ஓடியது.

சாயங்காலம் வேலை முடிந்த சட்டையோடே முருகேசன் வந்து உட்கார்ந்தபோது, நூற்றுக்கணக்கான பூக்களுக்கு நடுவே அந்த வீடியோ வந்தது. பாதி போய்விட்டிருந்தது. மிச்சம் பதினோரு நொடி. சாரத்தின்மேல் ஐயப்பன் சிரிக்கிறார், பெல்ட்டைக் கட்டியிருக்கிறார், கொக்கி இடுப்பில் தொங்குகிறது, தலைக்கு மேலே வெறும் வானம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பாய் கேட்காமலே அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்தார்.

முருகேசன் குதிப்பார் என்று திரும்பினேன். அவர் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு, நல்லதுதானே நடந்திருக்கு என்றேன். வேலை பெர்மிட் அதே கம்பெனி கையில்தான் இருக்கிறது, நினைத்தால் ஊருக்கே அனுப்பிவிடும், வீடியோ எடுத்தது யார் என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்றார். பிறகு போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார்.

"கிடைக்கலன்னு நீங்க சொல்லிட்டா நிம்மதியா போயிடலாம்னு பாதி மனசு நினைச்சுச்சுக்கா. இப்பப் போய்க் காட்டித்தான் ஆகணும்."

பழைய போனை ரூட் செய்வது எப்படி என்று யார் கேட்டாலும் இப்போது வரிசையாகச் சொல்லித் தருகிறேன், உள்ளேயிருந்து வெளியே வருவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.