வாசனை பார்த்தவர்

என் மூக்கு செத்துப்போன சேதி முதலில் தெரிந்தது எங்கள் ரியாக்டர் ஆபரேட்டருக்கு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்னக் கம்பெனி. லவங்கப்பட்டையின் காரம் மணக்கும் சின்னமால்டிஹைடை, பூ மணக்கும் சின்னமைல் ஆல்கஹாலாக மாற்றுவோம். சோப்புக்கும் சென்ட்டுக்கும் போகும். அந்த மூலக்கூறில் தொடக்கூடிய இடங்கள் இரண்டு. ஓர் ஆல்டிஹைடு, அதை ஒட்டினாற்போல் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஆல்டிஹைடை மட்டும் தொட வேண்டும். கல்லூரியில் இதை லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடுக்குள் ஊற்றி இரண்டையுமே தொலைத்தவள் நான். முரட்டுச் சாமான் அது. கம்பெனியில் போடுவது சோடியம் போரோஹைட்ரைடு. சாது. குளிரக் குளிர, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஆல்டிஹைடோடு நின்றுகொள்ளும். சூடேறினால் அதற்கும் கை நீளும், பக்கத்துப் பிணைப்பையும் தொட்டுவிடும். அப்போது பூ மணம் மங்கிப்போகும்.

மங்கியதா இல்லையா என்று சொல்வது என் வேலையில் பாதி. மெஷின் எண்களைத் தரும். வாங்குகிறவர்கள் மூக்கைக் கேட்பார்கள். காகிதக் கீற்றை நனைத்து முகர்ந்து, பேட்ச் ஷீட்டில் ‘வாசனை பார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். பதினேழு வருடக் கையெழுத்து.

ஒரு காய்ச்சல் வந்து போனது, மணங்களையும் கூட்டிக்கொண்டு. காபி வெறும் சூடு. மகளின் உச்சந்தலை வெறும் முடி. ஆபீசில் சொல்லவில்லை. மூக்கில்லாதவளுக்கு அங்கே என்ன வேலை? எண்களைப் பார்த்துவிட்டு, முகர்வதுபோல் நடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள், பேட்ச் பாதியில் இருக்கும்போது ரியாக்டரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிட்டது. ஆபரேட்டர் அண்ணன் ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கத்துக்காரர், தெலுங்குப் பள்ளியில் படித்தவர், என்னைவிட இரண்டு வயது மூப்பு. போரோஹைட்ரைடு பொடி போடுவதை நிறுத்தினார். பழவேற்காட்டுக்கு லோடு ஆட்டோ அனுப்பி மீன் ஐஸ் வரவழைத்தார். மூட்டைகளை ரியாக்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டியில் கொட்டியதும், மீன் நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் தொட்டிமேல் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையில் சாம்பிளோடு லேபுக்கு வந்தவர், கீற்றைத் தானே ஒருமுறை முகர்ந்துவிட்டு, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

“பட்டை காரம் பூடுச்சு மேடம். பூ வாசனதான் வந்துகினு கீது. மீனு உள்ள பூரல.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அப்படித்தான். நாளாக ஆக அவர் சொல்வது வளர்ந்தது. பூக்காரம்மா பொழுதுசாய மாலைமேல் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த மாதிரி என்பார் ஒருநாள். இன்றைக்குக் கொஞ்சம் சோம்பேறி வாசனை என்பார் இன்னொரு நாள். தேவையானதை மட்டும் சொல்வார். அதை ஒட்டியே இருந்ததைத் தொடமாட்டார். நான் அவர் குரலில் முகர்ந்தேன். கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் கனத்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் பேனா நகர மறுத்தது. எனக்கு வாசனையே தெரிவதில்லை என்று அவரிடம் சொன்னேன்.

“தெரியும் மேடம். ஐஸு வந்த அன்னைக்கே.”

“அப்புறம் ஏண்ணா கேக்கல?”

“கேட்டுகினு இன்னா பண்றது? மூக்குதான போச்சு. எத்தினி டிகிரில எத்தினி கிலோன்னு இன்னிக்கும் உங்களாண்டதான கேக்கறோம்.”

அன்றே மேனேஜரிடம் போனேன், வேலை போய்விடும் என்ற நினைப்போடு. அவர் பழைய ஷீட்டுகளை நெடுநேரம் புரட்டினார். கோபம் வந்தது, திட்டினார். வந்த வேகத்தில் அடங்கியும் போனது. அப்படியென்றால் இத்தனை மாதம் முகர்ந்தது யார், ஒரு பேட்ச்கூடத் திரும்பி வரவில்லையே என்றார். ஆபரேட்டர் அண்ணனைச் சொன்னேன்.

இப்போது வெப்பநிலைக் கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வாசனைக் கட்டத்தில் தெலுங்கு எழுத்தில், கோட்டைத் தாண்டி வழிகிற ஒரு கையெழுத்து. இனி எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் பேனாவை எடுக்குமுன் கீற்றை இரண்டுமுறை விசிறி, என் பக்கம் திரும்பி, இன்றைய பூ எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்.