பட்டுத் துண்டு போர்த்திய சர்வர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பாழாய்ப்போன பொட்டு உதிரவில்லை. வைத்தது என் அக்கா. அவள் கை பட்டது எதுதான் நிலைக்காமல் போயிருக்கிறது, சொல்லுங்கள்?

அப்பா எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் கிளார்க்காக இருந்தார். சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். வாரிசு வேலை வீட்டில் ஒருத்தருக்குத்தான். எனக்குப் பதினெட்டு முடியச் சில மாதங்கள் குறைந்தன, அவ்வளவுதான். அக்கா உள்ளே போய்ப் பர்மனென்ட் ஆகிவிட்டாள். பிறகு நான் கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்து, கான்ட்ராக்டர் மூலமாக அதே ஆபீசுக்குள் நுழைந்தேன். வருகிற விருந்தாளியிடமெல்லாம் அம்மா, “பொண்ணு பர்மனென்ட்டு. பையன் ஏதோ கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்பாள். அந்த ‘ஏதோ’ இருக்கிறதே, அது விருந்தாளி போன பிறகும் என் காதிலேயே கிடக்கும். தீபாவளிக்கு அக்கா தன் போனஸில் எனக்குச் சட்டை எடுத்துத் தருவாள். நல்ல சட்டைதான், போட்டால் உடம்பெல்லாம் எரியும். அந்த போனஸ் என்னுடையதாக இருந்திருக்க வேண்டியதல்லவா?

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. சுரங்கத்து ராட்சச இயந்திரத்திலிருந்து சைக்கிள் பம்ப் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், மாலை. எங்கள் ஆபீசில் பூஜைக்கு அக்காதான் தலைமை. அந்த வருஷம், பில் போடும் கவுன்ட்டர்களுக்கெல்லாம் பொதுவான கம்ப்யூட்டரான சர்வருக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குப் பட்டுத் துண்டைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். பூஜை முடிந்ததும் யாரோ ஏசியை அணைத்துவிட, அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் லீவுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது சர்வர் வெந்து செத்துக் கிடந்தது. துண்டு மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

போர்த்தியது அவள். விளக்கம் கேட்டது என்னை. பர்மனென்ட் ஆளை யார் கேட்பார்கள்! வெளியே தீபாவளி சாமான் வாங்க வந்த பெண்கள் பையோடு வரிசையில் நிற்கிறார்கள், பில் போட வழியில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “உன் ரினிவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வச்சிக்க. சாயங்காலத்துக்குள்ள பில் ஓடலைன்னா நீ வீட்டுலயே இருந்துக்கலாம்” என்றார். இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர்களோ, எல்லாவற்றையும் புதிதாகப் போட ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

டிஸ்க் பிழைத்திருந்தது. சிஸ்டம், ஸ்டாக், பில் எல்லாம் அதற்குள்தான். கிளைக்கென்று வாங்கிய வேறு கம்பெனி சர்வர் ஒன்று ஸ்டோரில் பிரிக்காமல் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினால் என்ன என்று துணிந்துவிட்டேன். கையில் எடுத்து நின்றபோது அக்கா வந்து, “இருடா, புது வூட்டுக்குப் போவுது” என்று பொட்டு வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மாட்டினேன். சிஸ்டம் உயிர் பெற்று எழுந்தது. ஆனால் எந்தக் கவுன்ட்டரும் அதைத் தொட முடியவில்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஊகூம். மதியம் தாண்டி, சோறும் இறங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. கவுன்ட்டர்களோடு இணைக்கிற நெட்வொர்க் கார்டில், பழைய இயந்திரத்தின் கார்டுக்கே முதல் இடம் என்று சிஸ்டம் எழுதி வைத்திருந்தது. அந்தக் கார்டு செத்தும் இடத்தை விடவில்லை. புதுக் கார்டை இரண்டாவதாக உட்கார வைத்துவிட்டது. கவுன்ட்டர்கள் தேடி வரும் முகவரியை நாங்கள் கொடுத்திருந்ததோ முதல் இடத்துக்கு.

பக்கத்திலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அக்கா, “இன்னாடா ஆச்சு?” என்றாள்.

“செத்தவனுக்கு இடம் புடிச்சி வச்சினு இருக்கு” என்றேன். “வந்தவன் ரெண்டாவதா நிக்கிறான், என்னாட்டம்.”

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நானும் உனக்குத்தான்டா புடிச்சி வச்சினு இருந்தேன். உனக்குப் பதினெட்டு ஆனதும் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். நான் எழுதிக் குடுத்துட்டு விலகிக்கிறேன், தம்பிய எடுத்துக்குங்கன்னு. ஒருதரம் குடுத்தா குடுத்ததுதான், நீ விலகினா வேலையும் போயிடும்னுட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அதையே நினைச்சினு இருப்பே.”

பழைய கார்டுக்கு இடம் பிடித்து வைத்திருந்த அந்த ஒரு வரியை சிஸ்டத்திலிருந்து அழித்து, இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டேன். புதுக் கார்டு முதல் இடத்தில் வந்து உட்கார்ந்தது. கவுன்ட்டரில் பில் ஓட ஆரம்பித்ததும் வரிசையில் ஒரே சத்தம். மேனேஜர் வந்தார், நேராக அக்காவிடம் போய், “நல்லா மேனேஜ் பண்ணீங்க மேடம்” என்றார். “தம்பிதாங்க பண்ணான், துண்டு போத்தினதுதான் நானு” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் ஃபைலில் கையெழுத்து விழுந்தது, இன்னும் ஒரு வருஷத்துக்கு.

அக்கா இப்போது சூப்பரின்டெண்டென்ட். நான் இப்போதும் கான்ட்ராக்ட். போன மாதம் அந்த சர்வரையும் ஓரங்கட்டினோம், டிஸ்க்கை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நேற்று தீபாவளிச் சட்டையோடு வந்த அக்கா, இழுப்பறையில் அதைப் பார்த்துவிட்டு, “இன்னுமாடா வச்சினு இருக்கே? தூக்கிப் போடேன்” என்றாள்.

“பர்மனென்ட்டுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வரும்” என்றேன். அவள் சிரித்தாள்.

அவள் போன பிறகு சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. முன்பெல்லாம் இந்த எரிச்சலுக்கு என்னிடம் ஒரு நியாயமாவது இருந்தது. அன்றைக்கு சர்வர் முன்னால் உண்மையைச் சொல்லி, அதையும் அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். டிஸ்க்கை எடுத்து நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். வரவில்லை. சட்டை மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.