மணல் போட்டால் ஏறும் கோச்சி

மாத்தளைக் கோச்சி, அதுதான் ரயில், பின்னால் உருண்டு மகாவலி ஆற்றில் விழப்போகிறது என்றுதான் முதலில் நம்பினேன். மனைவியைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்று பிந்தினால் அடுத்த மாதம்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கி, கோச்சி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டீசல் புகை பெட்டியை நிறைத்தது.

சின்ன வயதில் மூச்சுமுட்டிய அதே புகை. அன்றும் இதே ஏற்றம். நகரசபைக் கிளார்க்கான அப்பா காற்சட்டையை மடித்துவிட்டு, மற்ற ஆண்களோடு இறங்கித் தண்டவாளத்தில் மணல் தூவுவார்.

"அடுத்த வருசம் புதுக் கோச்சி வருதாம்," என்பார், கையைத் தட்டிக்கொண்டே ஏறி.

"போன வருசம் வந்த புதுசுலதானே இப்ப போறோம்!" என்பார் அம்மா.

அந்த அடுத்த வருசம் இன்னும் வரவில்லை. டிக்கெட்டும் எடுத்து மணலும் நாங்களே தூவ வேண்டுமா? இப்போது, கோச்சி பழசாம், ஓட்டத்தையே நிறுத்தப் போகிறார்களாம். பதிலுக்கு என்ன தருவார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் திறக்காது.

இப்படிக் கொதித்துக்கொண்டிருந்த வீரனான நான், பெட்டி ஒரு சாண் பின்னால் அசைந்ததும் கதவுக்குப் பாய்ந்தேன்.

"இறங்காதீங்க! மணல் போட்டா ஏறிரும்," என்றாள் மனைவி.

"நீயும் குதி!" என்று கத்திவிட்டுப் புதருக்குள் குதித்தேன்.

கோச்சி உருளவில்லை. நான் புதரிலிருந்து வெளியே வருமுன், மற்றவர்கள் தூவிய மணலில் ஏறிப் போய்விட்டது. அவள் நேரத்துக்குக் கிளினிக் போய்ச் சேர்ந்தாள். நான் மழையில் நடந்து போனேன்.