ஆந்த்ரேஸ் சார் கொடுக்கும் கடிதம்

இன்று ஒரகடத்தில், எங்கள் தொழிற்சாலை வரவேற்பறையில் ஆந்த்ரேஸ் சார் காத்திருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்து, கல்லூரியில் எங்களுக்கு ஸ்பானிஷ் நடத்தி, எங்களிடம் மெட்ராஸ் தமிழ் கற்றுக்கொண்டவர்.

1991இல் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகைக்காக அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். ‘கெட்டிக்காரன், ஆனால் இரக்கம் இல்லாதவன்’ என்று எழுதினார். உதவித்தொகை போயிற்று.

இப்போது இங்கே ஆளெடுப்பது நான்.

“வடக்குப்பட்டுப் பொண்ணுப்பா. நான்தான் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தேன். அது சம்பாதிச்சாதான் வூட்ல சோறு. மொழிபெயர்ப்பாளர் வேலை கீதாமே, பார்த்துக் குடுப்பா.”

கடிதத்தை நீட்டினார். கிழவர் திருந்தவே இல்லை. ‘அருமையாகப் பேசுவாள், ஆனால் நேரத்துக்கு வரமாட்டாள்’ என்று எழுதியிருந்தார்.

“லேட்டா வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார். இங்க ஆறு மணி ஷிஃப்ட். எப்படி எடுக்கறது?”

“ரெண்டு பஸ் மாறி வருதுப்பா அது.”

“அதை நீங்க எழுதலையே சார்.”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவருகே திரும்பினார்.

“உனக்கு எழுதுனது சரியாத்தான் எழுதிக்கீறேன்.”

அந்த வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கடிதத்தை மட்டும் வேறு யாரிடமாவது வாங்கி வாருங்கள்.